சுமந்த மணலும் படித்த மணலும்

தமிழ்ப் பிள்ளைகளின் முதல் ஏடு மணலே. திண்ணைப் பள்ளிக்கூடங்கள் நிலவிய காலத்திலே, ஆசிரியர் முன்னே பரப்பப்பட்ட மணலிற் சுட்டுவிரலால் எழுதிப் பழகிய பின்னரே மாணாக்கன் கையில் ஓலையும் எழுத்தாணியும் கொடுக்கப்பட்டன. எழுதியதை அழித்தலும் எளிது, மீள எழுதுதலும் எளிது, செலவு சிறிதுமில்லை. இவ்வாறு மணலின்மீது எழுதிக் கற்ற ஓர் இனம், மணல் தானே எழுதி வைத்திருப்பதைப் படிக்கக் கற்றதா என்பது வேறு வினா. மணலுக்கும் ஓர் எழுத்துண்டு. தான் பிறந்த பாறையையும், தன்னைக் கொணர்ந்த ஆற்றையும், தன்னை உருட்டிய அலையையும் ஒவ்வொரு மணியும் தன் உடலிலே குறித்து வைத்திருக்கின்றது. அவ்வெழுத்தைப் படிக்க முயன்றோரின் வரலாற்றையும், அம்முயற்சியிலே தமிழரும் தமிழர் வாழும் கரைகளும் பெற்ற இடத்தையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சேது மணல்

பயணத்திலே மணல் சேர்க்கும் வழக்கம் தமிழருக்குப் புதிதன்று. சேதுக்கரையில் எடுத்த மணலைச் சுமந்து சென்று பிரயாகையிலே கங்கையிற் சேர்த்து, அங்கிருந்து கங்கை நீரைக் கொணர்ந்து இராமேசுவரத்து இறைவனுக்கு அபிடேகம் செய்தாலன்றிக் காசி யாத்திரை நிறைவுறாது என்பது நெடுங்கால மரபு. அத்தலத்து இலிங்கமே சீதாபிராட்டி மணலாற் பிடித்தது என்பது தலவரலாறு. யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகள் தம் நாணயங்களிலே ‘சேது’ என்னும் சொல்லைப் பொறித்தமையும், சேதுகாவலர் எனப் பெயர்பூண்டமையும் நோக்குமிடத்து, அம்மணற்கரை இந்நாட்டு மக்கள் உள்ளத்திற் பெற்றிருந்த இடம் புலனாகும்.

கன்னியாகுமரிக்குச் செல்வோர் அங்குள்ள பன்னிற மணலைச் சிறு பொட்டலங்களாக வாங்கி வருவதும் இவ்வழக்கின்பாற்படும். குமரித் தெய்வத்தின் திருமணம் தடைப்பட்டபோது, சமைக்கப்படாது எஞ்சிய அரிசியும் பிறவுமே இவ்வாறு மணலாயின என்பது மக்கள் வழங்கும் கதை. கனிப்பொருளாராய்ச்சியோ, சிவந்தது கார்னெற், கரியது இல்மனைற், மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தது மொனசைற், வெளிறியவை சேர்க்கன் முதலியன என்று வகுத்துக் கூறும்.

இம்மரபுகளை வெறும் மூடப்பழக்கமென ஒதுக்குதல் பொருந்தாது. ஓரிடத்து மணல் மற்றோரிடத்து மணல் ஆகாது, எடுத்த இடமே மணலுக்குப் பெருமை என்னும் கொள்கை இவற்றினுள்ளே பொதிந்திருக்கின்றது. இன்றைய மணலாராய்ச்சிக்கும் அதுவே முதற்கொள்கை. ஆயின், யாத்திரிகன் மணலைச் சுமந்தான். அதனைக் கூர்ந்து நோக்கினான் அல்லன். கங்கையிலே கரைந்தபின் அம்மணலைப் பற்றி அறிவதற்கு எதுவும் எஞ்சவில்லை.

மணலைப் படிக்கும் முறை

மணல் என்பது ஒரு பொருளின் பெயரன்று. ஓர் அளவின் பெயர். ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரின் பதினாறில் ஒரு பங்கு தொடக்கம் இரண்டு மில்லிமீற்றர் வரையுள்ள மணிகளைப் புவிச்சரிதவியலார் மணல் என்பர். அம்மணி பளிங்குக்கல்லாயினும், பவளத்துணுக்காயினும், எரிமலைக் குழம்பாயினும் பெயர் ஒன்றே. எனவே ஒரு கரையின் மணலைப் படிக்க முற்படுவோன் மணியின் நிறம், பருமன், வடிவம், அதனை ஆக்கிய பொருள் என்னும் நான்கினை நோக்குதல் வேண்டும்.

இதற்கு யாழ்ப்பாணக் குடாநாடே சிறந்த பாடசாலை. தீவகக் கரைகளிற் பவளமும் சிப்பியும் நொறுங்கிய மணலை எடுத்து அதன்மீது சில துளி வினாகிரியை விட்டால், சிறு குமிழிகள் எழுவதைக் காணலாம். ஐதரோகுளோரிக்கமிலத்தை விட்டால் நன்கு நுரைத்துப் பொங்கும். சுண்ணாம்புப் பொருள் அமிலத்தோடு சேர்ந்து காபனீரொட்சைட்டு வாயுவை விடுதலே இதற்குக் காரணம். வடமராட்சி கிழக்கிலே அம்பன், நாகர்கோவில், மணற்காடு ஆகிய ஊர்களின் வெண்மணலுக்கு அதே அமிலத்தை விட்டால், கலந்துள்ள சிப்பித்தூள் மட்டும் பொங்கி அடங்க, பெரும்பகுதி அசையாது கிடக்கும். அது பளிங்குமணல்; கண்ணாடி செய்தற்கு ஏற்ற சிலிக்கா மிகுந்தது. கண்ணுக்கு இரண்டும் வெண்மையே. பிறப்போ முற்றும் வேறு.

இனிப் பாரத்தையும் நோக்குதல் வேண்டும். பளிங்குக்கல் நீரினும் 2.65 மடங்கு பாரமுடையது. இல்மனைற் ஏறத்தாழ 4.7 மடங்கும், மொனசைற் ஏறத்தாழ 5 மடங்கும் பாரமுடையன. கரையை மோதித் திரும்பும் அலை இலேசான மணியை இழுத்துச் செல்லப் பாரமான மணி பின்தங்குகின்றது. பெருங்காற்றுக்குப் பின்னர்க் கீழைக்கரையோரங்களிற் காணப்படும் கருங்கோடுகள் இவ்வாறு அலையினாற் கொழிக்கப்பட்டவையே. சுளகினாற் பதரைப் புடைத்து அரிசியைப் பிரிக்கும் பெண்ணின் செயலைக் கடல் ஓயாது செய்து கொண்டிருக்கின்றது.

உலகம் மணலை நோக்கிய வரலாறு

மேலைநாட்டிலே பயணமும் மண்ணாராய்ச்சியும் கைகோத்துச் சென்ற காலம் பத்தொன்பதாம் நூற்றாண்டு. ‘பீகிள்’ என்னும் கப்பலிற் சென்ற சாள்ஸ் டார்வின், ஆபிரிக்காவுக்கு மேற்கே கேப் வேர்டு தீவுகளையடுத்துக் கப்பலின்மீது படிந்த நுண்டூளையும் வீணாக்காது சேர்த்து, ஜேர்மனியிலிருந்த ஏரன்பேர்க் என்னும் அறிஞருக்கு அனுப்பினார். நுணுக்குக்காட்டியின்கீழ் அத்தூளிலே நுண்ணுயிர்களின் சிலிக்காக் கூடுகள் பல காணப்பட்டன. 1872 தொடக்கம் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிய ‘சலெஞ்சர்’ கப்பல், ஆழ்கடலின் அடியிலிருந்து மண்ணை வாரிக் குப்பிகளில் அடைத்து வந்தது. அவற்றை ஆராய்ந்து மறேயும் றெனாட்டும் 1891 இல் வெளியிட்ட அறிக்கையே கடலடி மண்ணாராய்ச்சிக்கு அடிப்படையாயிற்று. போல்றன் என்னும் அமெரிக்க இரசாயன அறிஞரோ, மிதித்தால் ஒலியெழுப்பும் மணலைத் தேடிச் சீனாய்ப் பாலைவனமும் ஹவாய்த் தீவும் சென்று மாதிரிகள் சேர்த்தார்.

இவையெல்லாம் அறிஞரின் பொழுதுபோக்கு என்று கருதியோரை இரண்டாம் உலகப்போர் தெளிவித்தது. பிரான்சின் நோர்மண்டிக் கரையில் நேசப்படைகள் இறங்குமுன், அக்கரையின் மணல் கவசவண்டிகளைத் தாங்குமா என்பதை அறிய வேண்டியிருந்தது. 1943 ஆம் ஆண்டின் இறுதி இரவிலே ஸ்கொற் போடன், ஒக்டன் சிமித் என்னும் பிரித்தானிய வீரர் இருவர் பகைவரின் காவலுக்கிடையே நீந்திக் கரையேறி, மணலைத் துளைத்து மாதிரி எடுத்துத் திரும்பினர். 1944 யூன் 6 ஆந் திகதி படை இறங்கியது.

அதே போரின் முடிவிலே யப்பானியர் வெடிகுண்டு கட்டிய காகிதப் பலூன்களைப் பசுபிக் சமுத்திரத்தின் மேலாக அமெரிக்காவுக்கு விடுத்தனர். 1944 நவம்பர் தொடக்கம் விடப்பட்டவை ஏறத்தாழ 9,000. உயரத்தைச் சீர்செய்வதற்காக அவற்றிலே மணல்மூட்டைகள் கட்டப்பட்டிருந்தன. அம்மணலை அமெரிக்கப் புவிச்சரிதவியலார் நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தனர். பவளத்துணுக்கு இன்மையால் அது வெப்பமான தென்கரைக்கு உரியதன்று எனத் துணிந்தனர். நுண்ணுயிர்க் கூடுகளையும் கனிப்பொருள்களையும் யப்பானியக் கரைகளைப் பற்றிய பழைய ஆராய்ச்சிக் குறிப்புகளோடு ஒப்பிட்டு, மணல் அள்ளிய கரை ஹொன்சு தீவின் கீழ்ப்புறத்தது என வரையறுத்தனர். சமாதான காலத்தில் எவரோ பொறுமையாக எழுதிவைத்த குறிப்புகளே போர்க்காலத்தில் இந்தத் துணிவைத் தந்தன என்பது ஈண்டு கருதத்தக்கது.

கயிற்றில் ஒட்டிச் சென்ற செல்வம்

மணலைப் படித்தவனுக்கும் படியாதவனுக்கும் உள்ள வேறுபாட்டைத் திருவிதாங்கூர் மொனசைற்றின் வரலாறு நன்கு காட்டும். ஒஸ்திரியா நாட்டு அவுவர் என்னும் அறிஞர் வாயுவிளக்கின் சுடரைச் சூழும் வெண்ணிற வலையைக் கண்டுபிடித்தார். 99 பங்கு தோரியம் ஒட்சைட்டும் 1 பங்கு சீரியம் ஒட்சைட்டும் கலந்த அவ்வலை பேரொளி தந்தமையால், உலக நகரங்களின் வீதிகளெல்லாம் தோரியத்தை வேண்டி நின்றன. தோரியத்தைத் தரும் மொனசைற் மணல் பெரும்பாலும் பிறேசிலிலிருந்தே பெறப்பட்டது.

அக்காலத்திலே திருவிதாங்கூரிலிருந்து தும்பும் கயிறும் கப்பல்களில் ஐரோப்பாவுக்குச் சென்றன. கரையோரத்துத் தும்பிலே கரையின் மணலும் ஒட்டியிருந்தது. இறக்கிய இடத்தில் உதறி எறியவேண்டிய குப்பை அது. 1909 இல் ஷொம்பேர்க் என்னும் ஜேர்மன் இரசாயன அறிஞர் அக்குப்பையை நோக்கினார். அதிலே மொனசைற்றைக் கண்டார். கயிறு வந்த வழியைத் தொடர்ந்து கடல்கடந்து சென்று, மணவாளக்குறிச்சியிலே மணலைப் பிரிக்கும் தொழிற்சாலையை நிறுவினார். முதலாம் உலகப்போர் மூண்டபோது பகைநாட்டவர் என அவர் சிறைப்பட, தொழில் இலண்டன் கம்பனியின் கைக்கு மாறிற்று. இந்தியா சுதந்திரம் அடைந்தபின், 1950 இல் நிறுவப்பட்ட இந்திய அருமண் நிறுவனம் அம்மணலைத் தேசத்தின் உடைமையாக்கிற்று. மணவாளக்குறிச்சி 1956 முதல் தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்துள் அடங்கும்.

தலைமுறை தலைமுறையாக அக்கரையிலே வலையிழுத்தோரும் தும்பு திரித்தோரும் அம்மணலை மிதித்தே வாழ்ந்தனர். அதன் பெயரையும் விலையையும் முதலில் அறிந்தவனோ ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பாலிருந்தான். மண்ணுக்கு உரிமை பிறப்பினால் வருமாயினும், அதன் பயனுக்கு உரிமை அறிவினாலேயே வருகின்றது என்பது இவ்வரலாறு தரும் கசப்பான பாடம்.

ஆனந்த குமாரசுவாமி

இப்பாடத்துக்கு விதிவிலக்காக ஈழத்திலே ஒருவர் தோன்றினார். கலாயோகி எனப் போற்றப்படும் ஆனந்த குமாரசுவாமியைச் சிற்பமும் ஓவியமும் ஆராய்ந்த பேரறிஞராகவே பலர் அறிவர். அவருடைய முதற் கல்வி கல்லும் மண்ணுமாயிருந்ததைச் சிலரே நினைவுகூர்வர். அவர் 1877 ஓகத்து 22 ஆந் திகதி கொழும்பிற் பிறந்தார். தந்தையார் யாழ்ப்பாணத்திலே வேர்கொண்ட குடும்பத்தவரான சேர் முத்து குமாரசுவாமி. தாயார் ஆங்கில மாது எலிசபெத் பீபி. சேர் பொன்னம்பலம் இராமநாதனும் சேர் பொன்னம்பலம் அருணாசலமும் அவருடைய அத்தையின் புதல்வர்கள். இரண்டு வயது நிரம்புமுன் தந்தையை இழந்து இங்கிலாந்தில் வளர்ந்த அவர், இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலே புவிச்சரிதவியலும் தாவரவியலும் பயின்று 1900 இற் பட்டம் பெற்றார்.

1903 தொடக்கம் 1906 வரை அவர் இலங்கைக் கனிப்பொருளளவையின் பணிப்பாளராக விளங்கினார். ஊர் ஊராகச் சென்று, பாறையை உடைத்தும் ஆற்றுமணலை அரித்தும் மாதிரிகள் சேர்த்து, எடுத்த இடத்தைக் குறித்து ஆராய்வதே அப்பதவியின் பணி. இலங்கைக்கே உரியதாக முதலிற் காணப்பட்ட ஒரு கனிப்பொருளைப் பிரையர் என்பாரோடு சேர்ந்து 1903 இல் விவரித்து, நாட்டின் பழம்பெயராகிய செரண்டிப் என்பதனால் அதற்குச் செரண்டிபைற் எனப் பெயரிட்டார்.

அக்காலத்திற் சபரகமுவ மாகாணத்துப் பலாங்கொடைப் பகுதியிலே இரத்தினக்கல் அரிப்போரின் கூடைகளிற் கரிய சிறு கனசதுர மணிகள் எஞ்சின. மணலின் மற்றைய மணிகளெல்லாம் கழிந்தோட, நீரினும் ஒன்பது மடங்குக்கு மேற் பாரமுடைய அவை அடியிலே தங்கின. யுரேனியத்தைத் தரும் கனிப்பொருளே அது என முதலில் எண்ணப்பட்டது. குமாரசுவாமியின் அளவைப் பணியோடு தொடர்பாக அம்மணிகள் இலண்டனுக்கு அனுப்பப்பட்டன. 1904 இல் டன்ஸ்ரன் அவற்றைப் பகுத்தாராய்ந்து, நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் தோரியம் ஒட்சைட்டு அடங்கிய புதிய கனிப்பொருள் எனக் கண்டு, தோரியனைற் எனப் பெயரிட்டார்.

அக்கரிய மணியின் பயணம் அத்துடன் முடியவில்லை. இலண்டனிலே சேர் வில்லியம் றாம்சேயின் ஆய்வுகூடத்துக்கு ஒட்டோ ஹான் என்னும் இளம் ஜேர்மன் மாணவர் ஒருவர் வந்திருந்தார். இலங்கைத் தோரியனைற்றிலிருந்து பெற்ற உப்பிலே றேடியத்தைப் பிரிக்குமாறு அவருக்குப் பணிக்கப்பட்டது. அதிலே அதுவரை அறியப்படாத கதிர்த்தொழிற்பாடுடைய பொருளொன்றை 1905 இல் அவர் கண்டு, றேடியோதோரியம் எனப் பெயரிட்டார். இரசாயனத்தின் வேறு துறையிற் செல்ல எண்ணியிருந்த அவரை வாழ்நாள் முழுதும் கதிர்த்தொழிற்பாட்டு ஆராய்ச்சியிலே நிறுத்தியது இக்கண்டுபிடிப்பே. பின்னர் 1938 இல் யுரேனிய அணுக்கரு பிளவுறுதலை ஸ்திராஸ்மனோடு கண்டவரும், அதற்காக 1944 ஆம் ஆண்டுக்குரிய நோபெற் பரிசைப் பெற்றவரும் இவரே. சபரகமுவவின் ஓடைமணல் உலக விஞ்ஞான வரலாற்றிலே இவ்வாறு இடம்பெற்றது.

குமாரசுவாமிக்கோ அதே பயணங்கள் வேறொரு கதவையும் திறந்தன. கல்லைத் தேடிக் கிராமங்களிலே திரிந்த அவர், அங்கே நலிந்துகொண்டிருந்த கம்மியரையும் சிற்பியரையும் ஓவியரையும் கண்டார். ஒரு மணியின் பிறப்பை ஆராயப் பழகிய கண், ஒரு குடத்தின் வடிவையும் ஒரு சீலையின் கோலத்தையும் அதே கூர்மையோடு ஆராய்ந்தது. 1908 இல் வெளிவந்த இடைக்காலச் சிங்களக் கலை என்னும் அவருடைய பெருநூல் அவ்வாராய்ச்சியின் பயன். தம் நாட்டின் மண்ணை அறியாதவர் தம் நாட்டின் கலையையும் மறப்பர் என்னும் உண்மை அவர் வாழ்க்கையிலே விளங்குகின்றது.

குடாநாட்டின் மணல்

இனி யாழ்ப்பாணத்துக்கு மீள்வோம். இக்குடாநாட்டின் அடித்தளம் மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். வடமராட்சி கிழக்கிலே குவிந்து கிடக்கும் அத்துணைப் பளிங்குமணலைச் சுண்ணாம்புக்கல் ஈன்றிருத்தல் இயலாது. பளிங்குக்கல்லைத் தரும் பழம்பாறைகள் தெற்கே பெருநிலப்பரப்பில் உள்ளன. அப்பாறைகள் வெயிலாலும் மழையாலும் தேய்ந்து, ஆறுகளாற் கடல் சேர்ந்து, அலையாலும் நீரோட்டத்தாலும் கரைவழியே உந்தப்பட்டு, காற்றினாற் கும்பியாக்கப்பட்டதே மணற்காட்டு மணல். ஆகவே வல்லிபுரத்து ஆழ்வார் கோயிலின் முன்னே மிதிபடும் மணலும் ஒரு யாத்திரிகனே.

அம்மணல் அழிக்கவும் வல்லது, காக்கவும் வல்லது. மணற்காட்டிலே பழைய தேவாலயம் ஒன்று மணலால் மூடுண்டு சிதைந்து நிற்கின்றது. வல்லிபுரத்திலே 1936 இற் கண்டெடுக்கப்பட்ட பொன்னேட்டுச் சாசனமோ, வசப மன்னன் காலத்துப் பிராமி எழுத்துக்களைப் பதினெட்டு நூற்றாண்டுகளின் பின்னரும் படிக்கத் தந்தது.

அம்மணல் செய்யும் மற்றொரு காவல் கண்ணுக்குப் புலனாகாதது. ஆறில்லாத குடாநாட்டில் மாரிமழையே நன்னீர். மணற்கும்பியிலே விழுந்த மழை ஓடாது உள்ளிறங்கி, உவர்நீரின்மீது மிதக்கும் நன்னீர் வில்லையாக நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், அதன்கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு அது உவர்நீரை அமுக்கி நிற்கும் என்பது நீரியலார் கணக்கு. மேலே ஓரடி தாழ்ந்தால், கீழே நாற்பதடி உவர்நீர் ஏறும். கும்பியை வெட்டி அகற்றுவோர் அகற்றுவது மணலை மட்டுமன்று. அயலூர்க் கிணற்றின் நன்னீரையுமே.

2009 இற் போர் ஓய்ந்தபின், இடிந்த வீடுகளும் வீதிகளும் மீள எழும்ப வேண்டியிருந்தது. மணலின் தேவை பெருகியது. அது நியாயமான தேவையே. ஆயினும் அனுமதிப்பத்திரம் பெற்றும் பெறாமலும் மணல் லொறிகளிலும் உழவியந்திரங்களிலும் ஏறிச் சென்றதை வடமராட்சி கிழக்கு மக்கள் கண்டனர். 1992 ஆம் ஆண்டின் சுரங்கங்கள் கனிப்பொருள்கள் சட்டம், அனுமதியின்றி மண்ணகழ்தலைத் தடுக்கின்றது. குமாரசுவாமியின் அளவைக்கு வழித்தோன்றலாகிய புவிச்சரிதவியல் அளவைப் பணியகமே அனுமதி வழங்கும் நிறுவனம். சட்டம் தடுக்கலாம், ஆனால் கும்பி எங்கே நின்றது, எவ்வளவு உயரம், எத்தகைய மணல் என்பதற்குச் சான்று காட்டச் சட்டத்தால் இயலாது. அச்சான்று முன்னரே சேர்த்து வைக்கப்பட்டிருத்தல் வேண்டும். யப்பானியக் கரைகளைப் பற்றிய பழைய குறிப்புகள் பின்னர் எத்துணைப் பயன்பட்டன என்பதை மேலே கண்டோம்.

ஒரு பிடி போதும்

இப்பணிக்குப் பெருஞ்செலவு வேண்டா. கழுவி உலர்த்திய மருந்துக்குப்பி ஒன்று, கைவில்லை ஒன்று, ஒரு காந்தம், சிறிது அமிலம் என்பன போதும். கல்லூரி ஆய்வுகூடம் எதிலும் இவை உள்ளன. காங்கேசன்துறை முதல் சுண்டிக்குளம் வரையுள்ள கரைகளிலே ஆண்டுதோறும் ஒரே இடத்தில் ஒரு பிடி மணல் எடுத்துவரும் மாணவர், இருபது ஆண்டுகளில் எந்த அலுவலகத்திலும் இல்லாத ஏட்டினை ஆக்கிவிடுவர். புலம்பெயர்ந்து வாழும் பழைய மாணவரும், தாம் வாழும் நாட்டுக் கரையிலிருந்து, அந்நாட்டுச் சட்டம் இடந்தருமாயின், ஒரு பிடி அனுப்பலாம். நோர்வேயின் கருங்கல் மணலும் அவுஸ்திரேலியாவின் பளிங்குமணலும் நாகர்கோவில் மணலின் அருகே ஒரே தட்டில் நிற்கும்போது, புவியியற் பாடம் படமாக அன்றிப் பொருளாகவே விளங்கும்.

ஒன்று மட்டும் தவறாது செய்தல் வேண்டும். குப்பியின்மீது ஊர், நாள், அலை எட்டும் எல்லையிலிருந்து எத்தனை அடி, எடுத்தவர் பெயர் ஆகியவற்றை அன்றே எழுதிவிடல் வேண்டும். பெயரெழுதாத மணல் எத்துணை அழகியதாயினும் வெறுமணலே. பெயரெழுதிய மணலோ, அதனை ஈன்ற கரை அழிந்த பின்னரும் அக்கரைக்குச் சாட்சி சொல்லும்.

நம் முன்னோர் சேது மணலைப் பக்தியோடு சுமந்தனர். ஷொம்பேர்க் திருவிதாங்கூர் மணலைப் பொருள்நோக்கோடு படித்தார். குமாரசுவாமி தம் நாட்டு மணலை அறிவோடு படித்து, அன்போடு அந்நாட்டை அறிந்தார். முன்னோரின் பக்தியையும் அவருடைய கண்ணையும் ஒருங்கே பெற்ற மாணவர் பரம்பரை ஒன்று எழுமாயின், மணற்காட்டின் கும்பிகள் லொறியேறுமுன்னர் அவற்றின் கதையேனும் எழுதப்பட்டுவிடும். கதை எழுதப்பட்ட மண்ணை அழிப்பது எளிதன்று. கற்றதைக் கையளவு மண்ணுக்கு ஒப்பிட்டுரைப்பது தமிழர் வழக்கு. அக்கையளவு மண்ணைக் கற்பதிலிருந்தே இப்பணி தொடங்கலாம்.